சத்தம் போடாத பாட்டில்

காலி பிளாஸ்டிக் பாட்டிலை நசுக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டால் அதன் கதை முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? முடியாது. ஐந்து நிமிடம் சும்மா கிடக்கும். அப்புறம் தனக்கு நேர்ந்த அவமானம் நினைவுக்கு வந்து ‘டொக்’ என்று நிமிரும். வேறு அலுவலகமாக இருந்தால் அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளப் போவதில்லை. எங்களுடையது ஒலிப்பதிவு ஸ்டுடியோ. மைக் முன்னால் ஒருவர் பேச, அதைத் துல்லியமாகப் பதிவு செய்வதுதான் எங்கள் பிழைப்பு. எங்களுக்கு அந்த ‘டொக்’ ஒரு வெடிகுண்டு.

ஸ்டுடியோ என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். ஏழு மாடிக் கட்டடத்தில் இரண்டாவது மாடி, இரண்டே அறைகள், நடுவில் ஒரு கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேசுகிறவர் இருப்பார். இந்தப் பக்கம் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஒரு பொத்தானில் விரலை வைத்தபடி நான் இருப்பேன். பொத்தானை அழுத்தினால் நான் பேசுவது உள்ளே கேட்கும். “மூச்சு சத்தம் வருது”, “நாற்காலி முனகுது”, “உங்க வயிறு பேசுது, ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுட்டு வாங்க” என்று பதினோரு வருடங்களாக ஆட்களின் உயிரை வாங்கிக்கொண்டிருக்கிறேன். பாம்புச்செவி என்று எனக்குப் பட்டப்பெயர் வைத்தவன் என் அண்ணன். ஸ்டுடியோவின் முதலாளி அண்ணி. இந்த மூன்று பேர்தான் மொத்த நிறுவனமும்.

பதிவு நடக்கும்போது உள்ளே ஏசியை நிறுத்திவிடுவோம், அதுவும் இரையும் என்பதால். கதவை அடைத்து, ஏசியையும் நிறுத்தினால் உள்ளே இருப்பவர் வெந்துபோவார். அதனால் தண்ணீர் குடித்துக்கொண்டே இருப்பார். ஒரு நாளைக்குப் பதினோரு பாட்டில் குப்பைக்குப் போகும். ஒருநாள் ஒரு அம்மையார் ஏதோ நாவலில் கதாநாயகி சாகிற இடத்தை உருகி உருகிப் படித்துக்கொண்டிருந்தார். கதாநாயகி கண்ணை மூடினாள். டொக். மறுபடியும் படித்தார். கண்ணை மூடினாள். டொக். கதாநாயகி ஆறு முறை செத்தும் உருப்படியாக ஒரு சாவு கிடைக்கவில்லை.

அண்ணி உள்ளே போய்க் குப்பைத்தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். தரையில் உருண்ட பாட்டில்களைப் பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“வெக்கமா இல்ல நமக்கு? ஒருதடவை குடிச்சிட்டுத் தூக்கிப்போடுற பாட்டில் இனிமே இந்தக் கதவைத் தாண்டி வரக்கூடாது. கழுவிக் கழுவிக் குடிக்கிற மாதிரி ஒரே ஒரு பாட்டில். காலத்துக்கும் அதுதான்.”

அண்ணி ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சே கிடையாது. ஒரே ஒரு பாட்டில்தானே, அரை மணி நேரத்தில் முடிகிற வேலை என்று நானும் தலையாட்டினேன். ஒன்பது நாள் ஆனது.

அந்த ஒன்பது நாளில்தான் அண்ணனுக்கு ஒரு நாவல் வந்தது.

அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கனமான, ஆழமான குரல். நீங்களும் கேட்டிருப்பீர்கள். லிஃப்டில் ஏறியதும் “கதவு மூடுகிறது, கவனம்” என்று ஒரு ஆண்குரல் சொல்லுமே, அது என் அண்ணன். “வாகனத்தைப் பின்னால் எடுக்கவும்”, “நீங்கள் வரிசையில் பதினான்காவது நபர்” எல்லாம் அவன்தான். எங்கள் கட்டடத்து லிஃப்டிலும் அவன் குரல்தான். காலையில் ஏறும்போது அதனோடு சேர்ந்து மெதுவாக உதட்டை அசைப்பான். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், கொஞ்சம் பாவமாகவும் இருக்கும்.

ஏனென்றால் அவனுக்கு ஆசை கதை படிப்பதில். வெளியாட்கள் எங்கள் ஸ்டுடியோவை வாடகைக்கு எடுத்து நாவல் நாவலாகப் படித்துவிட்டுப் போவார்கள். அண்ணன் அவர்களுக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பான். அவனுக்கு யாரும் ஒரு புத்தகம் கொடுத்ததில்லை. திடீரென்று ஒரு பதிப்பகத்தார் அண்ணியைக் கூப்பிட்டு ஒரு பெரிய நாவலைச் சொன்னார். எழுத்தாளர் ஒரு அம்மா. ஒன்பது வருடமாகப் பேசப்படுகிற புத்தகம். இதுவரை மூன்று பேர் படித்துக்காட்டி, மூன்று பேரையும் அந்த அம்மா வேண்டாம் என்று அனுப்பிவிட்டாராம். வெள்ளிக்கிழமை நேரில் வருவார், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து முதல் அத்தியாயத்தைக் கேட்பார். பிடித்தால் முழு நாவலும் அண்ணனுக்கு. ஒரே நிபந்தனை, நடுவில் நிறுத்தக்கூடாது. நிறுத்தி நிறுத்திப் படித்தால் கதையின் மூச்சு போய்விடும் என்பது அந்த அம்மாவின் கட்சி.

அண்ணன் அன்று சாப்பிடவே இல்லை.

“இருபது வருஷமா கதவை மூடிக்கிட்டே இருக்கேன்,” என்றான் என்னிடம். “ஒருதடவையாவது எதையாவது திறக்கணும்.”

அவனுக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. பதற்றம் வந்தால் வாய் வறண்டுவிடும். வாய் வறண்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பிரியும், ஒவ்வொரு சொல்லுக்கும் ‘ச்சப்’ என்று ஒரு சத்தம் வரும். சாதாரண நாளில் நிறுத்தித் தண்ணீர் கொடுப்பேன். வெள்ளிக்கிழமை நிறுத்த முடியாது. ஆக, மைக் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு பத்திக்கும் அடுத்த பத்திக்கும் நடுவில் உள்ள அரை மூச்சில், பாட்டிலை எடுத்துத் திறந்து குடித்து மூடி வைக்க வேண்டும். ஒரு சின்னச் சத்தம்கூட வரக்கூடாது. பாட்டில் சரியாக இல்லையென்றால் அண்ணன் மறுபடியும் லிஃப்டுக்குள் போய்விடுவான். விஷயம் அவ்வளவுதான், அவ்வளவு பெரிதுதான்.

அண்ணன் மறுநாளே ஒரு பாட்டிலோடு வந்தான். கறுப்பு எஃகு, பளபளப்பு இல்லாத வகை, மூடியில் தோல் வார். மேசையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

“இதுதான் ஸ்டைல். ஒரு கலைஞன் கையில இருக்கிற மாதிரி இருக்கா இல்லையா?”

நான் மைக் முன்னால் வைத்துத் திறந்து பார்த்தேன். மூடியின் மரை ‘கிரீச்’ என்றது. மேசையில் வைத்தபோது ‘ணங்’ என்றது. உள்ளே தண்ணீர் குறையக் குறைய அந்த ‘ணங்’ வேறு வேறு சுரத்தில் வந்தது. பாட்டில் இல்லை, பள்ளிக்கூட மணி.

அண்ணி கொண்டுவந்தது கண்ணாடி பாட்டில், வெளியே மூங்கில் உறை, அதன்மேல் ஒரு இலைப் படம். அந்த இலையைத் தடவித் தடவிக் காட்டினார். கார்க்கைப் பிடுங்கினால் ‘ப்ளக்’ என்று யாருக்கோ விருந்து வைப்பதுபோல் சத்தம். மூங்கில் உறை ஈரம் பட்டதும் முனக ஆரம்பித்தது. நான் ஒரு மடக்கு பாட்டில் வாங்கிவந்தேன், மெத்தென்ற ரப்பரில் செய்தது. வைத்தால் சத்தமே இல்லை. ஆஹா என்றிருந்தேன். குடித்துவிட்டு வாயை எடுத்ததும் அது காற்றை உள்ளே இழுத்தது. என்ன சத்தம் என்று எழுதுவதற்கில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் அந்தச் சத்தம் வந்தால் எல்லோரும் கூரையைப் பார்ப்பார்கள். அண்ணி என்னையே பார்த்தார்.

“பாட்டில் அண்ணி, பாட்டில்!” என்றேன்.

“சரி சரி,” என்றார், நம்பாமல்.

மூன்று பாட்டிலும் வாங்கிய கடைக்கே திரும்பிப் போயின. நாலாவதாக ஒன்று வாங்கலாம் என்று நான் கிளம்பியபோது அண்ணி வாசலை மறித்துக்கொண்டு நின்றார். “சோதிச்சுப் பாக்கவே நாப்பது பாட்டில் வாங்கினா, அதுக்குப் பிளாஸ்டிக்கே தேவலாம். கட்டடம் பூரா ஆளுங்க இருக்காங்க. ஆளுக்கொரு பாட்டில் வெச்சிருக்காங்க. இரவல் கேளு.”

லிஃப்டில் ஒரு காகிதம் ஒட்டினோம்: ‘உங்கள் தண்ணீர் பாட்டிலை ஒரே ஒரு நாள் கடன் தாருங்கள். கழுவித் தருவோம்.’ எதற்கு என்று எழுத அண்ணி விடவில்லை, எழுதினால் பைத்தியம் என்பார்களாம். மாலைக்குள் ஒரு துணிக்கூடை நிறையப் பதினான்கு பாட்டில்கள் வந்தன. பல் டாக்டருடையது, ஐந்தாம் மாடி உடற்பயிற்சிக் கூடத்துடையது, வக்கீல் ஒருவருடையது, இன்னும் யார் யாருடையதோ. யாரும் எதற்கு என்று கேட்கவில்லை. இந்தக் கட்டடத்தில் எங்களைப் பைத்தியம் என்று ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தார்கள் போலிருக்கிறது.

இப்போது எங்கள் வேலைமுறையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. எங்கள் ஸ்டுடியோவில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் தேர்ந்தெடுப்போம். மைக்கையும் அப்படித்தான் வாங்கினோம், நாற்காலியையும், தரைவிரிப்பையும்கூட அப்படித்தான் வாங்கினோம். கண்ணால் பார்த்துவிட்டால் காது பொய் சொல்லும். அழகான மைக்கின் குரல் அழகாகவே கேட்கும். அதனால் கண்ணாடியில் திரையை இழுத்துவிட்டு, ஒருவர் உள்ளே போய் எண்ணை மட்டும் சொல்வார். வெளியே இருப்பவர்கள் கேட்டு மதிப்பெண் போடுவார்கள். பொருள் எப்படி இருக்கிறது என்று யாரும் வாயைத் திறக்கக்கூடாது. வீட்டுக்கு அப்படி வாங்கிய சோபா ஒன்று பச்சையும் ஆரஞ்சுமாக இன்றும் இருக்கிறது. உட்கார்ந்தால் சத்தமே வராது. யாரும் உட்காருவதில்லை.

அண்ணி கூடையை எங்கள் கண்ணில் காட்டாமலே எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நானும் அண்ணனும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டோம்.

“ஒண்ணு,” என்றது அண்ணியின் குரல். கிரீச், மடக் மடக், ணங். இருவரும் உதட்டைப் பிதுக்கினோம்.

“ரெண்டு.” அதற்குள் ஏதோ உருண்டை உருண்டது.

ஐந்தாவது பாட்டில் மூடியைத் திறந்ததும் சின்னதாக ஒரு பாட்டே பாடியது. ஒன்பதுக்கு வரும்போது அண்ணியின் குரலில் தண்ணீர் ததும்பியது. ஒவ்வொன்றிலும் இரண்டு வாய் குடித்தாக வேண்டுமே. பன்னிரண்டுக்கு அப்புறம் ஒரு ஏப்பம். “அது பாட்டில் இல்ல, நான்,” என்று அண்ணி நேர்மையாக ஒப்புக்கொண்டார்.

“பதிமூணு.”

காத்திருந்தோம். ஒன்றும் கேட்கவில்லை. நான் ஒலியளவை ஏற்றினேன். அண்ணியின் வளையல் லேசாக உரசியது. அண்ணியின் தொண்டையில் தண்ணீர் இறங்கியது. அப்புறம் அமைதி.

“அண்ணி, ஆரம்பிங்க,” என்றேன் பொத்தானை அழுத்தி.

“முடிஞ்சிருச்சே. எடுத்து, குடிச்சு, மூடி, வெச்சாச்சு.”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மறுபடியும் செய்யச் சொன்னேன். மறுபடியும் ஒன்றுமில்லை. மேசையில் போடச் சொன்னேன். கீழே தள்ளிவிடச் சொன்னேன். “தள்ளியாச்சு” என்றார் அண்ணி. அண்ணன் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டான். கண்கள் கலங்கியிருந்தன.

“இதுதான்! யாரோடது இது? இவ்வளவு நாசூக்கா ஒரு பாட்டில் வெச்சிருக்கிற மனுஷன் சாதாரண ஆளா இருக்க முடியாது. நூத்துக்கு நூறு! எழுதிக்கோ! நான் கையெழுத்துப் போடறேன்!”

எழுதினேன். கையெழுத்தும் போட்டான். அண்ணி திரையை விலக்கினார். அண்ணியின் கையில், ரோஸ் நிறத்தில், தொப்பை வயிற்றோடு, இரண்டு நீளக் காதுகளை நிமிர்த்திக்கொண்டு ஒரு முயல் உட்கார்ந்திருந்தது. குடிக்க வேண்டுமானால் இடது காதைச் சப்ப வேண்டும். வயிற்றில் யாரோ மையால் ‘கடிக்காதே’ என்று எழுதியிருந்தார்கள்.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணி கதவைத் திறந்துகொண்டு கழிவறைக்கு ஓடினார்.

முயல் முதல் மாடிக் குழந்தைகள் காப்பகத்து டீச்சருடையது. நான் இறங்கிப் போய்க் கேட்டபோது அவர் சிரிக்கவே இல்லை, பெருமையாகச் சொன்னார். “அதுக்கு நான் தேடாத கடை இல்லைங்க. மத்தியானம் இருபத்திரெண்டு பிள்ளைங்க தூங்கும். ஒண்ணு தண்ணி குடிக்க எந்திரிச்சு மூடி ‘டக்’குன்னுச்சுன்னா போச்சு, இருபத்திரெண்டும் எந்திரிச்சிடும். அப்புறம் நான் மனுஷியா இருக்கமாட்டேன். அஞ்சு வருஷமா அதே பாட்டில்தான். பெரிய பிள்ளைங்க போகப் போக சின்னப் பிள்ளைங்களுக்கு. ஒண்ணு உங்களுக்கு வேணுமா? எடுத்துக்கோங்க, எங்ககிட்ட உபரியா இருக்கு.”

ஐந்து வருடம், கைமாறிக் கைமாறி, ஒன்றும் குப்பைக்குப் போகாமல். கேட்டதும் அண்ணி முயலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். எனக்கும் சம்மதம். அண்ணன்தான் ஆகாயத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தான்.

“நாப்பத்தாறு வயசு எனக்கு! அந்த அம்மா கண்ணாடி வழியா என்னையே பாத்துக்கிட்டிருப்பாங்க. சாவைப் பத்தி ஒரு நாவல். நான் ரெண்டு வரி படிச்சிட்டு முயல் காதைச் சப்பணுமா?”

“நீதானே கையெழுத்துப் போட்டே,” என்றேன்.

“அது காது போட்ட கையெழுத்து!”

நாவல் சாவைப் பற்றியது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. கறுப்பு அட்டை. முதல் வரியே ‘மாமனார் செத்துப்போன செய்தியை மாமனாரே வந்துதான் சொன்னார்’ என்று ஆரம்பிக்கும். வியாழக்கிழமை ஒத்திகையில் அதை அண்ணன் கிணற்றுக்குள்ளிருந்து படிப்பதுபோல் படித்தான். அண்ணிக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

“ஆன்மா வந்து பேசுதுங்க. எவ்வளவு ஆழம் பாருங்க,” என்றார் அண்ணனிடம்.

“ஆமா. ஒவ்வொரு வார்த்தையும் பாறாங்கல்லு,” என்றான் அண்ணன். என்னிடம் திரும்பி, “நீ என்ன சொல்றே?” என்றான்.

“‘போன’ல காத்து மைக்ல முட்டுது. முகத்தைக் கொஞ்சம் சாய்ச்சுப் படி,” என்றேன்.

அன்று மாலை முழுக்கப் பாட்டில் சண்டைதான். கறுப்பு எஃகு பாட்டிலைக் கடையிலிருந்து மறுபடி வாங்கிவந்து, மரையில் எண்ணெய் விட்டு, அடியில் கைக்குட்டையைக் கட்டிப் பார்த்தான். ‘கிரீச்’ போய் ‘சளக்’ வந்தது. குடிக்காமலே படிக்கிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். நாலாம் பத்தியிலேயே ‘ச்சப் ச்சப்’. கடைசியில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

வெள்ளிக்கிழமை காலை அவன் கறுப்புச் சட்டையில் வந்தான். கையில் கறுப்பாக ஏதோ ஒன்று. பார்த்தால், முயலுக்குத் தன் கறுப்புக் காலுறையை மாட்டியிருந்தான். ஒரு காதை உள்ளே மடக்கி அமுக்கி, சப்புகிற காதை மட்டும் ஓட்டை வழியாக வெளியே விட்டிருந்தான்.

“துவைச்சதுதான்,” என்றான், நான் கேட்பதற்கு முன்பே. “தூரத்துலேருந்து பாத்தா ஸ்டைலாத்தான் இருக்கு.”

தூரத்திலிருந்து பார்த்தால் மூக்கு நீண்ட கரடி மாதிரி இருந்தது. ஆனால் அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கழற்றி மாட்டுவதைப் பார்த்தபின் எனக்கு வம்பிழுக்க மனம் வரவில்லை. அழகாக இருக்கிறது என்றேன்.

எழுத்தாளர் அம்மா பத்து மணிக்கு வந்தார். குள்ளமான, உருண்டையான உருவம். முகத்தில் சிரிப்பு என்கிற பேச்சே இல்லை. வணக்கத்துக்குத் தலையை அசைத்தார், தேநீர் வேண்டாம் என்றார், என் பக்கத்தில் உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு புத்தகத்தை மடியில் விரித்தார். அண்ணி எங்கள் பின்னால் நின்று என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். நான் ஏசியை நிறுத்தினேன். அண்ணனுக்குக் கை காட்டினேன்.

“மாமனார்... செத்துப்போன... செய்தியை...”

கிணறு இன்னும் நாலடி ஆழமாகியிருந்தது. முதல் பத்தி முடிந்ததும் கரடியின் மூக்கைச் சப்பினான். ஹெட்ஃபோனில் ஒரு துளிச் சத்தம் இல்லை. இரண்டாம் பத்தி, சப்பினான், சத்தமில்லை. ‘ச்சப்’ இல்லை, மூச்சு இல்லை, ஒன்றுமே இல்லை. பதினோரு வருடத்தில் இவ்வளவு சுத்தமான பதிவை நான் கேட்டதில்லை. பெருமையோடு அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் முகம் இறுகிக்கொண்டே போனது. மூன்றாம் பத்தியில் ஒரு காதிலிருந்து ஹெட்ஃபோனை எடுத்துவிட்டார். நாலாம் பத்தியில் பெருமூச்சு விட்டார். அப்புறம் மடியிலிருந்த புத்தகத்தை மெதுவாக மூடினார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணனும் அதைப் பார்த்துவிட்டான். அவன் முகம் பேயறைந்த மாதிரி வெளுத்தது. குரல் நிற்கவில்லை, ஆனால் நாக்கு ஒட்டத் தொடங்கிவிட்டது. ச்சப். வேர்த்துக் கொட்டிய கையால் பாட்டிலை இறுக்கிப் பிடித்துத் தூக்கினான். காலுறை மேசையிலேயே நின்றுவிட்டது. முயல் மட்டும் மேலே வந்தது.

அவன் கவனிக்கவில்லை. எங்களையே பார்த்துக்கொண்டு, வாழ்க்கை முடிந்துபோன கண்களோடு, ரோஸ் நிற முயலின் காதைச் சப்பினான். அமுக்கி வைத்திருந்த மற்றக் காது விடுதலையாகி நிமிர்ந்து அவன் மூக்குக்கண்ணாடியைத் தட்டிச் சாய்த்தது. ‘கடிக்காதே’ என்கிற எழுத்து எங்கள் மூவருக்கும் நேராக இருந்தது. இவ்வளவுக்கும் ஹெட்ஃபோனில் துளிச் சத்தமில்லை. அது நல்ல பாட்டில் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்தே கிடையாது.

அப்புறம்தான் அவன் தன் பிம்பத்தை எதிரே இருந்த கண்ணாடியில் பார்த்தான். காதை வாயில் வைத்தபடியே உறைந்தான். நிறுத்தக்கூடாது என்பது நிபந்தனை. முயலைக் கீழே வைத்தான், சாய்ந்த மூக்குக்கண்ணாடியோடு அடுத்த வரிக்குப் போனான்.

“செத்தபோது யார் யார் அழுதார்கள் என்று மாமனார் பட்டியல் கேட்டார். பட்டியலில் மாமியார் பெயர்... மாமியார் பெயர்...”

சிரிப்பு அவன் மூக்குக்குள் ஏறிவிட்டது. குரல் கிணற்றைவிட்டு வெளியே வந்து தடுக்கி விழுந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தான்.

“...மாமியார் பெயர் இல்லை. ‘ஏன்டி, உனக்கு நேரமில்லையா?’ என்றார். ‘அடுப்பில் பால் இருந்தது’ என்றாள் மாமியார்.”

கடைசி வார்த்தைகள் அவன் வாயிலிருந்து அப்படியே அண்ணி பேசுவதுபோல் வந்தன. வேண்டுமென்று செய்யவில்லை, தப்பி வந்துவிட்டது. அவ்வளவுதான், அவன் மேசையில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினான். சிரிக்கிறானா அழுகிறானா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

பக்கத்தில் ‘பட்’டென்று ஒரு சத்தம். எழுத்தாளர் அம்மா மேசையில் அடித்திருந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் எழுந்து மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. கண்ணில் நீர் வழிந்தது. சத்தமே வராமல் சிரிக்கிற சாதி அவர்.

“சிரிப்புக் கதைம்மா இது,” என்றார் அண்ணியிடம், மூச்சு வாங்கியபடி. “ஒன்பது வருஷமா ஒரு ஆள் சிரிக்கல. பரிசு குடுக்கறாங்க, கூட்டம் போட்டு ஆழம்ங்கறாங்க. சிரிங்கன்னு நானே போய்ச் சொன்னா நல்லாவா இருக்கும்? மூணு பேர் வந்தாங்க, மூணு பேரும் எழவு வீட்டுக்கு வந்த மாதிரி படிச்சாங்க. உங்க ஆளும் அப்படித்தான் ஆரம்பிச்சார். எந்திரிச்சுப் போயிடலாம்னு புத்தகத்தை மூடிட்டேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அந்தப் ‘பால் இருந்தது’ இருக்கு பாருங்க. அதை நான் எழுதினப்போ என் காதுல எப்படிக் கேட்டுச்சோ அப்படியே சொன்னார். முழுசும் அவரே படிக்கட்டும். மறுபடியும் முதல்லேருந்து. முயலுக்குச் சட்டை வேண்டாம்னு சொல்லுங்க.”

பின்னால் அண்ணி சத்தமாக மூக்கை உறிஞ்சினார். “நான் அப்படியா பேசறேன்?” என்று என் காதில் கேட்டார்.

நான் பொத்தானை அழுத்தி அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் நம்பவில்லை. மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. நம்பியதும் எழுந்து நின்றான், உட்கார்ந்தான், முயலை எடுத்து மேசை நடுவில் வைத்தான், மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தான். கிணறு இல்லை, பாறாங்கல் இல்லை. சாப்பாட்டு மேசையில் பக்கத்து வீட்டு வம்பை எங்களுக்குச் சொல்வானே, அந்தக் குரல். அதை மைக் முன்னால் அவன் ஒருநாளும் காட்டியதில்லை. காட்டு என்று நானும் சொன்னதில்லை.

வெட்கத்தைவிட்டு ஒன்றைச் சொல்கிறேன். இந்தப் பதினோரு வருடத்தில் நாற்பது நாவலுக்கு மேல் இந்தக் காதுக்குள் போயிருக்கிறது. ஒன்றின் கதையும் எனக்குத் தெரியாது. மூச்சைக் கேட்டிருக்கிறேன், எச்சில் விழுங்குவதைக் கேட்டிருக்கிறேன், நாற்காலியைக் கேட்டிருக்கிறேன். யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள் என்று கேட்டதே இல்லை. அன்றைக்குத்தான், என் அண்ணன் படிக்கும்போது, முதல்முறையாகக் கதையைக் கேட்டேன். மாமனார் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அழாதவர்களை ஒவ்வொருவராகப் பார்க்க வீடு வீடாகக் கிளம்பினார். முதல் வீடு அவருடைய சம்பந்தி வீடு. கதவைத் திறந்த சம்பந்தி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “உங்களுக்குக் காரியம் நாளைக்குத்தானே?” என்றார்.

நான் கெக்கலித்துவிட்டேன். சிரித்த குலுக்கலில் என் விரல் பொத்தானை அழுத்திவிட்டது. சிரிப்பு அப்படியே உள்ளே போய், மைக்கில் ஏறி, பிரமாதமாகப் போய்க்கொண்டிருந்த பதிவு பாழாகிவிட்டது.

அண்ணன் நிறுத்தினான். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். பழக்கதோஷத்தில் அவன் முகம் சுருங்கியது.

“என்ன, மூச்சு சத்தம் வந்துச்சா?”

“இல்லண்ணா.”

“‘போன’ல காத்து முட்டுதா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல.” கண்ணாடியை நோக்கிக் குனிந்தேன். “அப்புறம் என்ன ஆச்சு?”

அவனுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் முகம் முழுக்க ஒரு சிரிப்பு பரவியது. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு நாற்காலியை மைக்குக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான். நாற்காலி பலமாக முனகியது, நான் ஒன்றும் சொல்லவில்லை.

“இரு, சொல்றேன்,” என்றான்.